புகைப்படத்தைப் பார்த்து முகம் வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபத்தைந்து ஆண்டுகளாக உருவப்படம் வரைந்து பிழைக்கிறேன். வருகிற வேலையில் முக்கால் பங்கு காலமானவர்களின் படம். ஆளை எதிரில் உட்கார வைத்து வரையும் வாய்ப்பு எப்போதாவதுதான் அமையும். பெரும்பாலும் கையில் கிடைப்பது ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம், அல்லது கல்யாண ஆல்பத்தில் பந்தி நடுவே தலை மட்டும் தெரியும் படம். வரையக் கற்றுக்கொள்ள வருகிறவர்களும், அப்பாவின் படத்தை எடுத்துக்கொண்டு வருகிற குடும்பத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை.

எந்தப் புகைப்படம் வந்தாலும் நான் முதலில் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன்: எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது, எந்த வெளிச்சத்தில் எடுத்தது, எடுத்த பிறகு அதில் யார் கை வைத்தார்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த மூன்றில்தான் போய் முடியும்.

புகைப்படத்தைப் பார்த்து வரைவது ஏமாற்று வேலை இல்லையா?

இல்லை. பாரிசில் 1839-இல் தகேரின் புகைப்பட முறை அறிவிக்கப்பட்டது. 1850களிலேயே பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா மாடல்களின் புகைப்படங்களை வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார். முனிச் நகரத்து ஓவியர் லென்பாக், ஜெர்மன் தலைவர் பிஸ்மார்க்கின் உருவப்படங்களுக்குப் புகைப்படங்களைத் துணையாகக் கொண்டார். அமெரிக்காவின் தாமஸ் ஈக்கின்ஸ் ஒரு படி மேலே போய், புகைப்படத்தைத் திரையில் விழச் செய்து கோடுகளை எடுத்துக்கொண்டார். அதை வெளியே சொல்லவில்லை. பின்னாளில் ஓவியங்களைப் பழுதுபார்த்தவர்கள் வண்ணத்துக்கு அடியில் இருந்த குறிகளைக் கண்டுபிடித்தார்கள். நம் பக்கத்தில் ரவி வர்மாவும் புகைப்படங்களைப் பயன்படுத்தியவர்தான். அமெரிக்க ஓவியர் சக் குளோஸ் 1967-68இல் தன் முகத்தை ஏறத்தாழ ஒன்பது அடி உயரத்துக்கு வரைந்தபோது, புகைப்படம் என்பதை மறைக்காமல் அதையே ஓவியத்தின் பொருளாக்கிவிட்டார்.

புகைப்படத்தைப் பார்த்து வரைந்துவிட்டு 'நேரில் உட்கார வைத்து வரைந்தேன்' என்று சொன்னால் அது ஏமாற்று.

அப்படியானால் நேரில் பார்த்து வரையப் பழகவே வேண்டாமா?

கட்டாயம் பழக வேண்டும். புகைப்படத்தில் நிழலுக்குள் ஒன்றும் தெரியாது. கன்னத்துக்குக் கீழே வெறும் கறுப்பாக இருக்கும். நேரில் பார்த்தால் அதே நிழலுக்குள் தாடை எலும்பு, சட்டைக் காலரிலிருந்து மேலே எதிரொளிக்கும் வெளிச்சம், காதோரத்துச் சிவப்பு எல்லாம் தெரியும். நூறு முகங்களை நேரில் வரைந்தவருக்குத்தான் புகைப்படத்தின் அந்தக் கறுப்புக்குள் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்க வரும். மற்றவர்கள் கறுப்பைக் கறுப்பாகவே வரைந்துவைப்பார்கள். அந்த முகம் முகமூடிபோல் இருக்கும்.

இதற்கு ஓவியக் கல்லூரியில் சேர வேண்டியதில்லை. கிடைத்தால் நல்லதுதான், 1850-இல் தொடங்கிய சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் இன்றும் மாடலை உட்கார வைத்து வரையச் சொல்கிறார்கள். கிடைக்காதவர்களுக்கு முடிதிருத்தும் கடை இருக்கிறது. அங்கே நாற்காலியில் உட்கார்ந்தவர் பதினைந்து நிமிடம் தலையை ஆட்டமாட்டார். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மூலையில் உட்காருங்கள்.

எப்படிப்பட்ட புகைப்படம் வேண்டும்? நாங்களே எடுத்து அனுப்பலாமா?

தாராளமாக. ஆனால் கிட்டே போய் எடுக்காதீர்கள். மக்கள் செய்யும் தவறுகளில் இதுதான் முதன்மையானது.

ஒரு சின்னக் கணக்கு. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே முன்பின்னாகச் சுமார் 12 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். போனை மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால், காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கும். அதாவது காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெருத்துத் தெரியும். அதே ஆளை இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், 200-க்கு 212. வித்தியாசம் வெறும் 6 சதவீதம். நாம் ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது பார்க்கும் முகத்துக்கு இந்த இரண்டாவது படம்தான் நெருக்கம். 'லென்ஸ் முகத்தைக் கெடுக்கிறது' என்பார்கள். உண்மையில் கெடுப்பது தூரம். பழைய ஸ்டூடியோக்காரர்கள் 85 முதல் 105 மி.மீ. வரையான லென்ஸைப் போட்டதற்கும் இதுதான் காரணம். அந்த லென்ஸில் முகம் சட்டத்தை நிறைக்க வேண்டுமென்றால் தானாகவே பின்னால் தள்ளி நிற்க வேண்டியிருக்கும். போனில் எடுப்பவர்கள் ஆறேழு அடி தள்ளி நின்று, ஜூமை '2 எக்ஸ்' அல்லது '3 எக்ஸ்' வைத்து எடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். வாசல் திண்ணை, தாழ்வாரம், ஜன்னலுக்குப் பக்கம் ஆகியவை நல்ல இடங்கள். வெளிச்சம் ஒரு பக்கமாக, சற்று மேலிருந்து விழ வேண்டும். பிளாஷ் கூடவே கூடாது. அது முகத்தைத் தோசைபோல் தட்டையாக்கிவிடும். உச்சி வெயில் கண்குழியைக் கறுப்பாக்கும். டியூப்லைட் தோலுக்கு ஒரு பச்சை சாயத்தைப் பூசும்.

போனில் 'பியூட்டி' வசதியை அணைத்துவிடுங்கள். அது உங்கள் அத்தையின் சுருக்கங்களை மட்டும் எடுப்பதில்லை. சில போன்களில் கண்ணைப் பெரிதாக்கி, தாடையையும் குறுக்கிவிடுகிறது. அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கும். புருவமும் இமையும் ஒன்றாகக் குழம்பி வந்து சேரும்.

செல்ஃபி மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்வது?

வரையலாம், ஆனால் திருத்தி வரைய வேண்டும். மூக்கையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் கொஞ்சம் ஒடுக்கி, காதுகளைக் கொஞ்சம் வெளியே கொண்டுவந்து, முன்நெற்றியின் புடைப்பை அடக்குங்கள். அதோடு, சில போன்கள் செல்ஃபியைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாற்றிச் சேமிக்கும். மச்சம் எந்தப் பக்கம், மூக்குத்தி எந்தப் பக்கம் என்று வீட்டாரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஆண்கள் சட்டை என்றால் கேட்கவே வேண்டாம். பை இடது மார்பில் இருக்க வேண்டும். புடவை முந்தானை பொதுவாக இடது தோளில் இருக்கும். மடிசார் கட்டில் இந்தக் கணக்கு மாறலாம்.

தாத்தாவின் படம் கறுப்பு வெள்ளை. நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

படத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது. மனிதர்களிடமிருந்து கண்டுபிடிப்பேன். "அவர் நிறம் யாருக்கு வந்திருக்கிறது?" என்று கேட்டால், ஒரு சித்தப்பாவையோ மூத்த மகளையோ காட்டாத வீடு இல்லை. அவரை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, தோலின் நிறத்தை மட்டும் ஒரு அட்டையில் கலந்து எடுத்துக்கொள்வேன்.

கறுப்பு வெள்ளைப் படத்தின் சாம்பல் அளவுகளைக்கூட அப்படியே நம்ப முடியாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புழங்கிய ஆர்த்தோக்ரோமாட்டிக் வகைப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமம் கன்னங்கரேலென்று விழும், உதடு மைபூசியதுபோல் இருக்கும், மாநிறத் தோல்கூட உண்மையைவிடக் கறுத்துத் தெரியும். பிறகு வந்த பான்க்ரோமாட்டிக் பிலிமில் இந்தக் குறை நீங்கியது. ஆனால் அதில் அரக்குப் புடவையும் கரும்பச்சைப் புடவையும் ஒரே சாம்பலாகப் போய்விடும். 'பாட்டி கறுப்புப் பொட்டா வைத்திருந்தார்?' என்று பேரன் கேட்டால், பிலிமைக் குறை சொல்லுங்கள்.

யார் கை வைத்தார்கள் என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. அந்தக் காலத்து ஸ்டூடியோவில் நெகட்டிவின்மேல் கூர்மையான பென்சிலால் 'டச்சப்' செய்வது வழக்கம். அம்மைத் தழும்பும் கண்ணுக்குக் கீழுள்ள பையும் அங்கேயே காணாமல் போயிருக்கும். அறுபது வயதுக்காரரின் கன்னம் குழந்தைக் கன்னம்போல் வழவழவென்று இருந்தால், தொட்டுத் திருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த வழவழப்பை அப்படியே வரைந்தால் பொம்மை முகம்தான் வரும். கழுத்தையும் கையையும் பாருங்கள். அங்கே டச்சப்காரர் அவ்வளவு சிரத்தை காட்டியிருக்கமாட்டார். வயது அங்கே அப்படியே இருக்கும்.

மங்கிய படத்தை ஏஐ மூலம் தெளிவாக்கி அனுப்பட்டுமா?

தயவுசெய்து மங்கிய மூலத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தச் செயலிகள் படத்தில் இல்லாததைத் தெளிவாக்குவதில்லை. தாங்களாக இட்டு நிரப்புகின்றன. கண்ணிமை, பல்வரிசை, காதின் மடிப்பு எல்லாம் யாரோ ஒருவருடையவை. எனக்குத் தெளிவான பொய்யைவிட மங்கலான உண்மை பரவாயில்லை.

பூஜையறையில் மாட்டிய படம் ஒன்றுதான் இருக்கிறது. கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. பிரித்து எடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். புகைப்படத்தின் மேலுள்ள ஜெலட்டின் படலம் ஈரக்காற்றில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், கையில் வெறும் காகிதம் மிஞ்சும். கண்ணாடியின் மேற்புறத்தை மட்டும் துடைத்து, நிழலான இடத்தில் வைத்து, நேர் எதிரே நின்று, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். உங்கள் உருவம் கண்ணாடியில் தெரிந்தால், போனுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடியின்மேல் வைத்த சந்தனம் குங்குமத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. தொழிலுக்கு வந்த புதிதில், அதை நெற்றிப் பொட்டு என்று நினைத்து ஒரு பெரியவருக்கு அழகாகச் சந்தனமும் குங்குமமும் தீட்டிக்கொண்டு போனேன். அவர் வாழ்நாளெல்லாம் நெற்றியில் எதுவும் வைக்காத கறுப்புச்சட்டைக்காரர். பொட்டு வைத்தது மருமகள். வீட்டில் சிரித்தார்கள், அதுவரை நிம்மதி.

கட்டம் போட்டு வரையலாமா? டிரேஸ் எடுக்கலாமா?

கட்டம் போடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் தொழில் கற்றதே ஒரு சினிமா பேனர் கூடத்தில்தான். ஸ்டில்லின்மேல் அரை அங்குலக் கட்டம் போட்டு, தட்டியில் அடிக்கணக்கில் கட்டம் போட்டு, நாயகனின் முகத்தை இருபதடிக்கு ஏற்றுவார்கள். எங்களைப் போன்ற பையன்கள் கட்டம் போட்டு அடிவண்ணம் பூசுவோம். முகத்தைப் பெரியவர் மட்டும்தான் தொடுவார். கட்டம் ஒன்றுதான், புகைப்படமும் ஒன்றுதான்; அவர் வரைந்தால் ஆள் வந்துவிடுவார், நாங்கள் ரகசியமாக வரைந்து பார்த்தால் ஆளின் அண்ணன் மாதிரி ஒருவர் வருவார். ஃபிளெக்ஸ் வந்து அந்தக் கூடங்கள் எல்லாம் மூடிவிட்டன.

கட்டம் இடத்தைச் சொல்லும், வடிவத்தைச் சொல்லாது. கற்றுக்கொள்பவர்களுக்கு நான் முதலில் பெரிய கட்டம் கொடுப்பேன். முகத்துக்குப் பதினாறு கட்டம் போதும். பிறகு நான்காகக் குறைப்பேன். பிறகு ஒரு நடுக்கோடு, ஒரு கண்கோடு மட்டும்.

டிரேஸ் வேறு கதை. வரையத் தெரிந்தவர் நேரத்தை மிச்சப்படுத்த டிரேஸ் எடுத்தால் பாதகமில்லை. தெரியாதவர் எடுத்தால், கோடு எல்லாம் ஒரே தடிப்பில் விழும். எது எலும்பு, எது சதை, எது நிழலின் விளிம்பு என்று கோட்டுக்கே தெரியாது. முதல் இரண்டு ஆண்டுகள் கார்பன் தாளைப் பெட்டியில் பூட்டி வையுங்கள்.

எல்லாம் சரியாக அளந்துதான் வரைந்தேன். ஆனால் ஜாடை வரவில்லை. ஏன்?

பத்தில் ஏழு முறை சிக்கல் கண்ணில் இல்லை, வாயின் ஓரத்தில் இருக்கிறது. உதடு முடியும் இடத்தில் உள்ள சின்னக் குழிவு மேலே போகிறதா, கீழே இறங்குகிறதா, உள்ளே மடங்குகிறதா என்பதில்தான் அந்த ஆளே இருக்கிறார். மி.மீ. கணக்கில் தப்பினாலும் 'களை இல்லை' என்று வீட்டார் சொல்லிவிடுவார்கள். ஏன் என்று அவர்களால் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் சொல்வது சரிதான்.

மற்றொன்று, தலையின் மொத்த உருவம். பஸ் நிலையத்தில் நூறடி தூரத்தில் வரும் நண்பரை மூக்கையும் கண்ணையும் பார்த்தா அடையாளம் காண்கிறோம்? தலையின் வடிவம், கழுத்து தோளில் இறங்கும் விதம், முடியின் விளிம்பு. இவை தவறியிருந்தால் கண்ணை எவ்வளவு இழைத்தாலும் ஆள் வரமாட்டார். கண்ணை இடுக்கிக்கொண்டு புகைப்படத்தையும் ஓவியத்தையும் மாறி மாறிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து, பெரிய வெளிச்சமும் பெரிய நிழலும் மட்டும் நிற்கும். அவை இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா? பிறகு இரண்டையும் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். முகம் என்பது மறந்து போய், கோணல் மட்டும் பளிச்சென்று தெரியும்.

பயந்துகொண்டு வரைபவர்கள் கண்களை நெற்றிப் பக்கம் ஏற்றிவிடுவார்கள். கண், உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நடுவில் இருக்கிறது. ஒரு ஸ்கேலை எடுத்து உங்கள் முகத்திலேயே அளந்து பாருங்கள்.

கண்மணியின் நட்ட நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கிறது. அப்படியே வரையலாமா?

வேண்டாம், அது பிளாஷ். முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுவதாக வரைகிறீர்களோ அந்தப் பக்கம், மேலே நகர்த்துங்கள்.

பல் தெரியச் சிரிக்கும் படம்தான் பிடித்திருக்கிறது...

வரைந்து தருகிறேன், ஆனால் வேறு படம் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்பேன். புகைப்படத்தில் சிரிப்பு ஒரு நொடி. சுவரில் அது இருபது ஆண்டு. வரைவதாக இருந்தால் பல்லுக்குப் பல் கோடு போடாதீர்கள். மொத்தமாக ஒரு வெளிர் வடிவம், ஓரங்களில் நிழல், அவ்வளவுதான். பல் காகிதத்தின் வெள்ளையும் அல்ல, சற்று சாம்பல்.

கறுப்புத் தோல் புகைப்படத்தில் ஏன் இப்படி அடித்துப்போட்டாற்போல் விழுகிறது?

கேமராவின் ஒளிமானி, தான் பார்க்கும் காட்சி நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சுண்ணாம்புச் சுவர், நடுவில் ஒரு கறுத்த முகம் என்றால், வெள்ளையை அடக்குவதற்காகப் படத்தையே இருட்டாக்கிவிடும். முகம் பள்ளத்தில் போய் விழும். வண்ணப் பிலிம் காலத்தில் இன்னொரு அநியாயமும் இருந்தது. அச்சுக்கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடக் நிறுவனம் அனுப்பிய 'ஷர்லி கார்டு' என்ற மாதிரிப் படத்தில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணே இருந்தார். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு.

ஆகவே புகைப்படத்தின் கறுப்பை வண்ணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கறுப்பு டியூபைத் திறக்காதீர்கள் என்றே சொல்வேன். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் கலந்தால் ஆழமான, உயிருள்ள கருமை வரும். யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சள் சேர்த்தால் மாநிறம். கறுத்த தோலில் பளபளப்பு விழும் இடம் வெள்ளை அல்ல. திறந்த வெளியில் அது வானத்தின் நீலத்தை வாங்கியிருக்கும். ஊரில் எல்லாரும் 'கொஞ்சம் கலராகப் போடுங்கள்' என்று கேட்பார்கள். நான் ஒரு சுற்று வெளிச்சம் கூட்டுவேன், நிறத்தை மாற்றமாட்டேன். சிலர் அதனால் வேறு ஓவியரிடம் போயிருக்கிறார்கள்.

இரண்டு மூன்று படங்களைச் சேர்த்து வரையலாமா?

நான் எப்போதும் அப்படித்தான் கேட்பேன். வரைவதற்கு ஒன்று; ஆளைப் புரிந்துகொள்ள மற்றவை. பக்கவாட்டில் எடுத்த மோசமான படம்கூட மூக்குத் தண்டின் உயரத்தைச் சொல்லிவிடும், நேர்ப் படத்தில் அது தெரியாது. ஒன்றிலிருந்து தலையையும் மற்றதிலிருந்து உடம்பையும் எடுப்பதாக இருந்தால் இரண்டிலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். முப்பது வயதுக் கண்ணையும் அறுபது வயது வாயையும் சேர்க்காதீர்கள்.

பாரதியாரை வரைய எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

புகைப்படத்தையே பாருங்கள். பாரதியின் உண்மையான புகைப்படங்கள் கைவிரல்களில் எண்ணக்கூடியவை. ஆனால் ஓவியங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஓவியத்தைப் பார்த்து ஓவியம், அதைப் பார்த்து இன்னொன்று என்று போனதில் மீசை ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓரிரு சுற்று முறுக்கேறியிருக்கிறது, கண் இன்னும் பெரிதாகியிருக்கிறது. செல்லம்மாளோடு அவர் இருக்கும் புகைப்படத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கோபக்காரக் கவி என்று நாம் வைத்திருக்கும் உருவத்தைவிட மெலிந்த, களைத்த ஒரு மனிதர் தெரிவார்.

இணையத்தில் கிடைத்த படத்தை வரைந்து விற்கலாமா?

பயிற்சிக்கு வரையுங்கள், விற்பதற்கு முன் அனுமதி வாங்குங்கள். இந்தியாவில் 2012 திருத்தத்துக்குப் பிறகு, புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுள், அதன் பின் 60 ஆண்டுகள் என்ற பொது விதியே பொருந்துகிறது. அமெரிக்காவில் லின் கோல்ட்ஸ்மித் எடுத்த பாடகர் பிரின்ஸின் படத்தை வைத்து ஆண்டி வார்ஹோல் செய்த ஓவியம், வார்ஹோல் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு வழக்காகி, 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் புகைப்படக்காரருக்குச் சாதகமாக முடிந்தது.

உங்கள் வீட்டுக் கல்யாணப் படத்துக்கு இந்தப் பயம் பெரும்பாலும் தேவையில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே. அதே வரியில், சொல்லி வரையவைத்த உருவப்படமும் வருகிறது. அதாவது நான் உங்களுக்கு வரைந்து தருவதும் ஒப்பந்தம் இல்லையென்றால் உங்களுடையதே. புதிய ஓவியர்கள் இதைத் தெரிந்துகொண்டு முன்பணம் வாங்குவது நல்லது.

படம் முடிந்த பிறகு, 'இது அப்பா மாதிரி இல்லை' என்று வீட்டார் சொன்னால்?

வாதாடாதீர்கள். புகைப்படத்தை எடுத்துக் காட்டி 'இதில் இருப்பதைத்தானே வரைந்தேன்' என்று சொல்லவே சொல்லாதீர்கள். எல்லாரையும் ஒரே நேரத்தில் பேசவிடாமல், அந்த முகத்தை அதிகம் பார்த்தவர் யாரோ அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்.

ஒருமுறை மூன்று மகன்கள் வந்து பார்த்துவிட்டு, என்னவோ இடிக்கிறது என்றார்கள். கண்ணைத் திருத்தினேன், வாயைத் திருத்தினேன், இன்னும் இடித்தது. கடைசியில் அவர்கள் அம்மாவை அழைத்துவந்தார்கள். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக்கூட எடுத்து மாட்டவில்லை. "வகிடு அந்தப் பக்கம் இல்லை தம்பி" என்றார். விசாரித்ததில், அவர்கள் கொடுத்தது ஸ்டூடியோவில் இருவர் படத்தையும் ஒட்டிச் சேர்த்த பிரதி. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும் என்பதற்காக அவர் படத்தை இடம் வலமாகத் திருப்பியிருக்கிறார்கள். மனைவி பழகிய முகம் ஒன்று, அந்தச் சட்டத்தில் இருந்த முகம் இன்னொன்று. சட்டைப் பை வலப்பக்கம் இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும், மேல்துண்டு மறைத்துவிட்டது. முழுப் படத்தையும் புதிதாக வரைந்தேன். ஒன்பது நாள் ஆயிற்று, கூலி கேட்கவில்லை.